பெண்கள் வார்டுக்குப் பின்னால் கேட்ட சீட்டி

எங்கள் ஊரில் இப்போது ஒரு டாக்டர் தம்பி, மனச்சோர்வு என்று தன்னிடம் வருகிறவர்களை ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிக்கு மேலே உள்ள காட்டுப் பாதைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் குருவி காட்டுகிறார். தனியாக இருக்கிற முதியவர்கள், வேலை போனவர்கள், யாரோடும் பேசாத பிள்ளைகள் என்று ஒரு சிறு கூட்டம் அவர் பின்னால் போகிறது. போகும்போது ஆளுக்கொரு திசை பார்த்துக்கொண்டு போகிறவர்கள், திரும்பும்போது பேசிக்கொண்டு வருகிறார்கள். போன மாதம் அந்தத் தம்பி என் வீட்டுக்கு வந்து, அந்தக் காலத்திலேயே நீங்கள் டி.பி. ஆஸ்பத்திரியில் இதைச் செய்தீர்களாமே, எங்கள் நர்ஸ் பிள்ளைகள் படிக்க எழுதிக் கொடுங்கள் சிஸ்டர் என்றார். செய்தது நான் இல்லை, எங்கள் மேட்ரன்; நான் ஸ்பிரிட் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடியவள் என்றேன். அதையே எழுதுங்கள் என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

நான் மதுரையில் நர்ஸிங் படித்தேன். படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பெட்பேன் கழுவினேன், திட்டு வாங்கினேன், பாஸ் செய்தேன். ஐம்பதுகளின் நடுவில் கொடைக்கானலில் டி.பி. ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தேன். என்ன ஆஸ்பத்திரி என்று தெரிந்ததும் என் சித்தி எனக்கு மாப்பிள்ளை தேடுவதை நிறுத்திக்கொண்டார். அதில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை.

ஆஸ்பத்திரி ஊருக்கு வெளியே ஒரு சரிவில் இருந்தது. மேலே ஆண்கள் வார்டும் சமையல்கட்டும் ஆபீசும். கீழே, சோலைக்காட்டை ஒட்டி, நான் சேர்ந்து சில வருடங்களுக்குப் பிறகு கட்டிய பெண்கள் வார்டு. அதன் பின்னால் ஓர் ஓடை. மழைக்காலத்தில் அதன் இரைச்சல் வார்டுக்குள் கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஊர்க்காரர்கள் எங்கள் பக்கம் வரமாட்டார்கள். கடைத்தெருவில் எங்கள் யூனிபாரத்தைப் பார்த்தாலே கடைக்காரர் ஓர் அடி பின்னால் நகர்ந்துகொள்வார். எங்களுக்கே இந்த மரியாதை என்றால் நோயாளிகளைக் கேட்க வேண்டாம். சிலரைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, தப்பான ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டுப் போன குடும்பங்களும் உண்டு. குணமாகி நிற்கிறவரை அழைத்துப் போக ஆள் வராது.

வைத்தியம் என்ன? தினமும் இடுப்பில் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, வயிற்றைப் புரட்டுகிற பி.ஏ.எஸ். மருந்துப் பொடி, பால், முட்டை, மீதி நேரமெல்லாம் படுக்கை. ஓய்வு மணி அடித்துவிட்டால் பேசக்கூடாது, படிக்கக்கூடாது, கையைத் தலைக்கு மேல் தூக்கக்கூடாது. நுரையீரல் அசையாமல் கிடந்தால் புண் ஆறும் என்பது அன்றைய கணக்கு. இப்படி மாதக்கணக்கில். சும்மா இருப்பதே சுகம் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் எங்கள் வார்டில் ஒரு நாள் படுத்துப் பார்த்திருக்க வேண்டும். நல்ல மனிதர்கள் காரணமில்லாமல் அழுவார்கள். உடம்பு தேறி வருகிறவர்கள் ஒரு நாள் காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள்.

மேட்ரன் ஞானமணி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் நடப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. எதைச் சொன்னாலும் "சரி" என்பார். அந்தச் சரியில் மூன்று வகை உண்டு. சட்டென்று சொன்னால், கேட்டுக்கொண்டேன் என்று அர்த்தம். இழுத்துச் சொன்னால், நீ சொல்வதை நம்பவில்லை என்று அர்த்தம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு மெதுவாகச் சொன்னால், அவர் ஏதோ முடிவு செய்துவிட்டார், இனி யாராலும் மாற்ற முடியாது என்று அர்த்தம். புதிதாக வருகிற நர்ஸுக்கு மருந்தலமாரியைக் காட்டுவதற்கு முன்னால் நாங்கள் இதைத்தான் சொல்லிக்கொடுப்போம்.

ஒரு நாள் அவர் காலியாக இருந்த ஒரு கட்டிலில் ஏறிப் படுத்தார். ஓய்வு மணி அடித்ததிலிருந்து மறுமணி அடிக்கும்வரை அசையாமல் கிடந்தார். நாங்கள் பயந்துபோய் நின்றோம். எழுந்ததும் கண்ணாடியைக் கழற்றினார். கட்டில்களையெல்லாம் திருப்பிப் போடச் சொன்னார்.

அதுவரை கட்டில்கள் சுவரைப் பார்த்துக் கிடந்தன. ஜன்னல் வெளிச்சம் நோயாளியின் முகத்தில் விழுந்தால் நர்ஸுக்குப் பார்க்க வசதி என்று அப்படிப் போட்டிருந்தார்கள். நோயாளிக்குத் தெரிந்தது வெள்ளையடித்த சுவர் மட்டும்தான். இப்போது எல்லாக் கட்டிலும் காட்டைப் பார்த்துத் திரும்பியது. எங்களுக்கு முகம் சரியாகத் தெரியவில்லை என்று நான் முணுமுணுத்தேன். எனக்கு அப்போதே வாய் கொஞ்சம் நீளம். மேட்ரன் சட்டென்று "சரி" என்றார், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வந்தது குருவி பார்க்கிற முறை. ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் தந்த ஒரு பைனாகுலர் ஆபீசில் கிடந்தது. நோயாளிகள் அதைத் தூரக்கண்ணாடி என்பார்கள். ஓய்வு நேரத்தில் ஒருவர் கண்ணில் குருவி பட்டால் பேசாமல் ஒரு விரலை மட்டும் உயர்த்த வேண்டும். நாங்கள் கண்ணாடியைக் கொண்டுபோய், அவர் கை தூக்கக்கூடாது என்பதால் நாங்களே கண்ணருகே பிடிக்க வேண்டும். பிறகு ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டு அடுத்த கட்டில். ஓய்வு முடிந்து பால் கொடுக்கும் நேரத்தில் யார் யார் என்ன பார்த்தார்கள் என்று சொல்லலாம். அந்தப் பேச்சுக்காகவே வார்டு காத்துக் கிடக்கும். ஆனால் அதற்கு மேட்ரன் ஒரு சட்டம் வைத்திருந்தார். கண்ணால் பார்த்ததை மட்டும்தான் சொல்லலாம். காதால் கேட்டதைச் சொல்லக்கூடாது.

இந்தச் சட்டத்துக்குக் காரணம் இருந்தது. காட்டில் ஆந்தை ஒன்று கத்தினால் போதும், சாக்குருவி கத்துகிறது, இன்றைக்கு யாருக்கோ விதி முடிந்தது என்று ஒருவர் ஆரம்பிப்பார். மறுநாள் பாதி வார்டுக்குக் காய்ச்சல் ஏறியிருக்கும். அதனால்தான் கேட்ட கதையெல்லாம் வேண்டாம், கண்டதைச் சொல் என்றார். நல்ல சட்டம்தான். அதுவே பிறகு எங்களைப் படுத்தப்போகிறது என்று யாருக்குத் தெரியும்?

குருவிகளுக்கு அவரவர் ஊர் வழக்கப்படி பெயர் வைத்தார்கள். தலையில் கூரிய கொண்டை வைத்த ஒரு குருவிக்குப் போலீஸ்காரன் என்று பெயர். சிவப்பும் கறுப்புமாக ஜோடியாக வரும் ஒன்றுக்குக் காவடிக்குருவி என்று பெயர் வைத்தவர் பழனியில் கோயில் ஊழியக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பெரியவர். அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்லியாக வேண்டும். அவருக்குப் பக்கத்துக் கட்டில் முத்தையா. பெரும்பாறையில் காபி எஸ்டேட்டில் கூலி வேலை பார்த்த இளைஞன். முதல் நாள் முத்தையாவிடமிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் பெரியவர் கண்ணருகே கொண்டுபோனேன். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாயிற்று ஐயா என்றேன். இன்னொரு தடவை துடை என்றார். துடைத்தேன். இன்னொரு தடவை என்றார். மேட்ரன் எப்போது வந்து என் பின்னால் நின்றார் என்று தெரியாது.

"கிருமிக்குத்தான் ஸ்பிரிட் வச்சிருக்கோம் ஐயா. மத்ததுக்கு எங்கிட்ட மருந்து கெடையாது" என்றார். கண்ணாடியை அடுத்த கட்டிலுக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

பெரியவர் சில நாள் வீம்பாகக் கிடந்தார். பால் நேரத்தில் எல்லோரும் பேசுவார்கள், அவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. பிறகு ஒரு நாள் நேர் எதிரே மரத்தில் அந்தச் சிவப்புக் குருவி வந்து உட்கார்ந்தது. முத்தையா விரலை உயர்த்தினான். பெரியவரால் பொறுக்க முடியவில்லை. ஓய்வு நேரம் என்பதையும் மறந்து, "ஏலே, எந்தக் கொப்புலடா இருக்கு, சொல்லித் தொலையேன்" என்றார். அன்றிலிருந்து அவர்கள் இருவரும் குருவி விஷயத்தில் தினமும் சண்டை போட்டார்கள். சண்டை போட்டவர்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்துதான் பால் குடித்தார்கள்.

இப்போது வள்ளிநாயகிக்கு வருகிறேன். என் வேலைக்காலத்தில் எனக்குக் கிடைத்த கடினமான கேஸ் எது என்று கேட்டால் அவளைத்தான் சொல்வேன்.

ஆயக்குடியில் கொய்யாத் தோப்பும் வியாபாரமும் உள்ள குடும்பத்து மருமகள். தவழ்கிற பெண் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். பெண்கள் வார்டு திறந்த புதிதில் சேர்ந்தவர்களில் ஒருத்தி. எக்ஸ்ரே படம் அப்படியொன்றும் மோசமில்லை. ஆனாலும் வாரா வாரம் எடை இறங்கிக்கொண்டே போனது. இந்தப் படத்துக்கு இந்த மெலிவு வரக்கூடாதே என்று டாக்டர் தலையைச் சொறிந்தார். கட்டிலைக் காட்டைப் பார்க்கத் திருப்பிப் போட்டும் அவள் ஒருக்களித்து, முகத்தை உள்பக்கம் திருப்பிக்கொண்டு கிடப்பாள். சோறு வந்தது போலவே திரும்பிப் போகும்.

அவள் கணவர் தண்டபாணி மாதம் ஒரு முறை வத்தலக்குண்டு வழியாகச் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் வருவார். துண்டால் மூக்கை மூடிக்கொண்டு, வராந்தாப் படிக்குக் கீழேயே நின்று, "எப்படி இருக்கு?" என்று என்னைக் கேட்பார். அவளைக் கேட்கமாட்டார். கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர்.

ஒரு நாள் தலை வாரிவிடும்போது, சாப்பிடாமல் ஏன் இப்படி உயிரை விடுகிறாய் என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டேன்.  அவள், தான் புறப்பட்ட அன்று வண்டி தெருமுனை திரும்புவதற்குள் மாமியார் இவள் படுத்திருந்த பாயைக் கொல்லையில் போட்டுக் கொளுத்திவிட்டார் என்றும், புகையைத் தானே பார்த்ததாகவும் சொன்னாள். "செத்தவ பாயைத்தான சிஸ்டர் எரிப்பாங்க" என்றாள்.  சீப்பில் இருந்த முடியை எடுத்துக்கொண்டு வெளியே போய் அழுதேன்.

ஆனி மாதம் சாரல் தொடங்கியது. விடிவதற்கு முன்னால் டெம்பரேச்சர் எடுக்கப் போகிறபோது ஓடைப் பக்கமிருந்து சீட்டிச் சத்தம் கேட்கும். வேலை வெட்டி இல்லாத ஒருவன் எங்கோ நடந்துகொண்டே, பாட்டு என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்றை மேலும் கீழும் இழுத்து ஊதுவது போல இருக்கும். யாரோ பால்காரன் என்று நினைத்துக்கொண்டேன். காலை வேளையில் நர்ஸுக்குச் சீட்டியை ஆராய நேரம் ஏது?

ஒரு நாள் தெர்மாமீட்டரோடு போனபோது வள்ளிநாயகி புரண்டு ஜன்னல் பக்கமாகப் படுத்திருந்தாள். கண் திறந்திருந்தது. முகத்தில் லேசான சிரிப்பு. அன்று கொடுத்த இட்லியைச் சாப்பிட்டாள். மறுநாளும் சாப்பிட்டாள். எடை இறங்குவது நின்று, ஏறத் தொடங்கியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பால் நேரத்தில், என்ன குருவி பார்த்தாய் என்று ஆவலோடு கேட்பேன். "ஒண்ணும் பாக்கலை சிஸ்டர்" என்பாள். உண்மைதான். அவள் எதையும் பார்க்கவில்லை, கேட்டாள். கேட்டதைச் சொல்லக்கூடாது என்பது சட்டம் ஆயிற்றே.

நான் பார்த்த சிரிப்பை வார்டு ஆயா பேச்சியும் பார்த்திருந்தாள். சீட்டியையும் கேட்டிருந்தாள். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட எவ்வளவு நேரம் ஆகும்? நம்மூரில் பெண் இருக்கிற இடத்தில் சீட்டி கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அந்தச் சமயம் முத்தையா உடம்பு தேறி, காலையில் கொஞ்ச தூரம் நடக்கலாம் என்று டாக்டர் அனுமதி கொடுத்திருந்தார். அவன் நடக்கிற பாதை ஓடைக்கு அக்கரையில். போதாதா? "நெருப்பில்லாம பொகையுமா சிஸ்டர்?" என்றாள் பேச்சி. வாயை மூடு என்றேன். ஊர் வாயை மூட உலைமூடி இருக்கிறதா என்ன? இன்னொரு நோயாளியைப் பார்க்க ஆயக்குடியிலிருந்து வந்த ஒருவர் காதில் அது விழுந்தது. அவர் ஊர் திரும்பிய மறுநாள் வள்ளிநாயகியின் மாமியாருக்கு விஷயம் போய்விட்டது. இனி அவளை எங்கள் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம், நாங்கள் வந்து பேசி முடித்துக்கொள்கிறோம் என்று தண்டபாணி ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்.

மேட்ரன் முத்தையாவை ஆபீசுக்குக் கூப்பிட்டார். ஆண், பெண் விவகாரம் என்று வந்தால் அன்றே வெளியே அனுப்புவது ஆஸ்பத்திரி வழக்கம். அனுப்பினால் அவன் எங்கே போவான்? எஸ்டேட் லைன் வீட்டில் மருந்தில்லாமல் படுத்துக் கிடக்க வேண்டியதுதான். பாதி ஆறின நுரையீரல் எத்தனை நாள் தாங்கும் என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். 

"எனக்குச் சீட்டி அடிக்கவே தெரியாதுங்கம்மா" என்றான்.

மேட்ரன் இழுத்து ஒரு "சரி" போட்டார். பிறகு, அடி பார்ப்போம் என்றார். அவன் என்னைப் பார்த்தான். ஆபீசுக்குள், அதுவும் மேட்ரன் முன்னால் சீட்டி அடிப்பதா? அடி என்றார் மறுபடியும். உதட்டைக் குவித்து ஊதினான். வெறும் காற்றுத்தான் வந்தது. இன்னொரு தடவை ஊதினான். அதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. மேட்ரன் எழுந்து வந்து, அவன் முதுகைத் தடவிக் கொடுத்து, தண்ணீர் டம்ளரைத் தானே பிடித்துக் குடிக்க வைத்தார். பாதி நுரையீரலை வைத்துக்கொண்டு அவ்வளவு நீளச் சீட்டி அடிக்க முடியாது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் முன்பே தோன்றியிருக்க வேண்டும். மேட்ரன் கண்ணாடியைக் கழற்றினார். "சரி" என்றார், மெதுவாக.

மறுநாள் பொழுது புலர்கிறபோது அவரும் நானும் ஓடைக்கு இறங்கினோம். ஒரு பாறைக்குப் பின்னால் ஈரப் புல்லில் உட்கார்ந்தோம். அட்டை காலில் ஏறியது. பேசாதே என்று மேட்ரன் கையைக் காட்டினார். சீட்டி கேட்டது, வெகு அருகில். ஆள் யாரும் இல்லை. பைபிள் வசனம் ஒன்றை மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். மறுபடியும் கேட்டது. நீரோடையின் நடுவில் ஒரு கல்லின் மேல் கறுப்பாக ஒரு குருவி நின்றிருந்தது. மைனாவைவிடக் கொஞ்சம் பெரிசு. வாலை விரித்து மடக்கியது. தொண்டை புடைத்தது. சீட்டி அதிலிருந்துதான் வந்தது.

மேட்ரன் ஞானமணி சிரித்து நான் பார்த்தது அன்று ஒரு தடவைதான். புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு, உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். மேலே ஏறி வரும்போது, ஓடிப்போய் எல்லோரிடமும் சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்றார். குருவி சீட்டி அடித்தது என்று நாம் சொன்னால், ஆஸ்பத்திரிக்காரர்கள் பூசி மெழுகுகிறார்கள் என்பார்கள். அவர்களே பார்க்கட்டும் என்றார்.

தண்டபாணியும் அவர் அம்மா அங்கம்மாளும் வந்து சேர்ந்தபோது மாலையாகிவிட்டது. அங்கம்மாள் ஒல்லியான, நிமிர்ந்து நடக்கிற அம்மாள். காலில் செருப்பில்லை. வந்ததும் வராததுமாகப் பேச வாயெடுத்தார். இப்போது ஒன்றும் பேச வேண்டாம், காலையில் வெள்ளனே வாருங்கள் என்று மேட்ரன் அவர்களைப் பார்வையாளர் கொட்டகையில் தங்க வைத்தார்.

விடிகிற நேரத்தில், நடக்க முடிந்த ஆண் நோயாளிகள், சமையல்காரர், வாட்ச்மேன், தோட்டக்காரர் எல்லோரையும் பெண்கள் வார்டு முற்றத்தில் வரிசையாக நிறுத்தினார் மேட்ரன். பழனிப் பெரியவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு முத்தையாவுக்குப் பக்கத்தில் போய் நின்றார். அந்தப் பையனுக்கு ஒரு துணை வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ. வள்ளிநாயகி வராந்தாவில் சால்வையோடு நின்றாள். படிக்குக் கீழே தண்டபாணி, மூக்கில் துண்டு. அவர் பக்கத்தில் அங்கம்மாள்.

சீட்டி கேட்டது. வரிசையில் நின்ற அத்தனை வாயும் மூடியிருந்தன. அங்கம்மாள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனார். தன் மகன் முகத்தைக்கூட ஒரு தடவை பார்த்துக்கொண்டார். சீட்டி நிற்கவில்லை. மேட்ரன் ஓடைப் பக்கம் கையைக் காட்டினார். கல்லின் மேல் நின்ற கறுப்புப் பறவையை முதலில் பார்த்தவர் பெரியவர்தான். "அட, சீட்டிக்காரா" என்றார். வரிசை கலைந்து எல்லோரும் வேலிப் பக்கம் ஓடினார்கள். முத்தையா மட்டும் நின்ற இடத்திலேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். மேட்ரன் அவனிடம் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. அது அவர் வழக்கமில்லை. நாளையிலிருந்து கண்ணாடியைக் கட்டில் கட்டிலாகக் கொண்டுபோகிற வேலை உனக்கு என்றார். அவன் முகம் மலர்ந்துவிட்டது.

விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை.

"குருவிதான். ஒத்துக்கிறேன்" என்றார் அங்கம்மாள். "ஆனா குருவின்னு இன்னைக்குத்தான எல்லாருக்கும் தெரியும்? இத்தன நாளும் ஆம்பளைன்னு நெனச்சுத்தான இவ கேட்டுக்கிட்டுக் கெடந்தா?"

எனக்குக் கோபமும் பயமும் ஒன்றாக வந்தன. அந்த அம்மாள் கேட்டதில் ஓர் ஓட்டைகூட இல்லை. மேட்ரன் ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன்.  பேசியவள் வள்ளிநாயகி.

"ஆமா அத்தை. ஓடைக்கு அந்தப் பக்கம் யாரோ நின்னு சீட்டி அடிக்கிறாங்கன்னுதான் நெனச்சேன். ஆம்பளையான்னு யோசிக்கலை, பொம்பளையான்னும் யோசிக்கலை. எந்திரிச்சதும் ஒருத்தருக்கு இம்புட்டுச் சந்தோசமான்னு இருந்துச்சு. நீங்க என் பாயை எரிச்சிட்டீங்க. செத்தவளுக்கு எதுக்குச் சோறுன்னு கெடந்தேன். அந்தச் சத்தத்தைக் கேட்டப்புறந்தான் எனக்குச் சோறு எறங்குச்சு."

அங்கம்மாள் ஈரப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். 

"உம் பாயின்னா நெனச்ச? அது மூத்தவன் பாயிடி" என்றார். "இதே நோயிலதான் அவன் போனான். பாயை எரிச்சிருன்னு எல்லாரும் சொன்னாங்க. பெத்தவளுக்கு மனசு வருமா? சுருட்டிப் பரண்ல வச்சிருந்தேன். நீ வந்த புதுசுல பாய் பத்தலன்னு அதை எடுத்து உனக்கு விரிச்சேன். நான் விரிச்ச பாயிலதான் உனக்கு இது வந்துச்சு. பச்சப்புள்ள வேற அதுல உருளுது. அதான் அன்னைக்கே கொளுத்துனேன்."

தண்டபாணி துண்டைக் கீழே விட்டுவிட்டார். அவருக்கும் இது தெரியாது என்பது முகத்தில் தெரிந்தது. இத்தனை நாள் அந்த அம்மாளை மனதுக்குள் கல்நெஞ்சுக்காரி என்று திட்டிக்கொண்டிருந்த நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்த நோய் இருமலில் பரவுவது, பாயைக் குறை சொல்லிப் பயனில்லை, உங்கள் மேல் தப்பில்லை என்று சொன்னேன். நர்ஸ் சொல்வதற்குத் தலையாட்டுவது போலத் தலையாட்டினார். நம்பினாரா, தெரியாது.

மேட்ரன் தூரக்கண்ணாடியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தார். அங்கம்மாளிடம் நீட்டவில்லை. வள்ளிநாயகியிடம் கொடுத்தார். அவள் இரண்டு படி இறங்கி வந்து மாமியாரிடம் நீட்டினாள்.  எல்லா நோயாளியும் கண்ணில் வைத்த கண்ணாடி. அதுவும் இந்தக் கையிலிருந்து. அங்கம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கினார். கண்ணில் வைத்து அங்குமிங்கும் திருப்பினார்.

"ஒண்ணுந் தெரியலையே. வெறும் எலையாக் கெடக்கு."

வள்ளிநாயகி பின்னால் போய் நின்று, மாமியாரின் தாடையைப் பிடித்து மெல்ல ஓடைப் பக்கம் திருப்பினாள். அங்கம்மாள் முகத்தை இழுத்துக்கொள்ளவில்லை. கை எங்கே போகிறதோ அங்கே முகம் போனது. அப்போது வெயில் கல்லின் மேல் விழுந்தது. கறுப்பு என்று நாங்கள் நினைத்த அந்தக் குருவியின் தோளில் நல்ல நீலம் பளபளத்தது.

"ஆத்தாடி" என்றார் அங்கம்மாள். "எங்கூருல குருவின்னா கல்லெடுக்கத்தான் தெரியும். இப்படி நின்னு பாத்ததே இல்ல."

வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வள்ளிநாயகி முழுக்கக் குணமாகி வீட்டுக்குப் போனது தை மாதத்தில்தான்; சளியில் கிருமி இல்லை என்று ஆகும்வரை மேட்ரன் விடவில்லை. ஆனாலும் அவள் கேஸ் முடிந்தது அன்று காலையில்தான் என்று நான் நினைக்கிறேன். அதற்குப் பிறகு அவளுக்கு மருந்து கொடுப்பது மட்டும்தான் எங்கள் வேலையாக இருந்தது.

"தையில கொய்யா எறங்கும்" என்றார் அங்கம்மாள் அன்று காலையில், கண்ணாடிக்குள் பார்த்தபடியே. "தோப்புல கிளி வெரட்ட ஆளில்ல. வெரசா ஒடம்பத் தேத்திக்கிட்டு வந்து சேரு."

"இனிமே என்னால கிளிய வெரட்ட முடியாது அத்தை. பாத்துக்கிட்டுத்தான் இருப்பேன்."

அங்கம்மாள் கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை.

"பாத்துக்கிட்டே இரு. அதுக திங்கிறதைத் தின்னுட்டுப் போகட்டும். நீ வீட்ல இரு."